ஓடிப்போன வண்டியின் நம்பர்: சாட்சிக்கு நினைவில் நிற்கும் இலக்கத் தகடு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போன வருடம் கொழும்பு கொட்டாஞ்சேனையில் என் மாமாவை ஒரு மோட்டார் சைக்கிள் இடித்துவிட்டு நிற்காமல் போனது. நான் பத்தடி பின்னால் வந்துகொண்டிருந்தேன். நம்பரைக் கண்ணால் பார்த்தேன், வாயால் ஒரு தடவை சொல்லியும் பார்த்தேன். அப்படியிருந்தும் பொலிஸ் நிலையத்தில் நான் கொடுத்த நம்பர் பிழை. அன்றிலிருந்து இதைப் பற்றி வாசிக்கிறேன், அகப்பட்டவர்களிடமெல்லாம் பேசுகிறேன். எல்லோரும் கிட்டத்தட்ட அதே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள், அதனால் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

அன்றைக்கு என்னதான் நடந்தது?

ஞாயிற்றுக்கிழமை, பொழுது சாயும் நேரம், ஜம்பட்டா வீதியில் லேசான தூறல். மாமா பாதசாரிகள் கடக்கும் மஞ்சள் கோட்டில் பாதித் தூரம் கடந்துவிட்டார். பைக் வந்த சத்தம் கேட்டது, அப்புறம் மாமாவின் குடை வீதி நடுவில் உருண்டது. ஓட்டினவன் ஒரு தடவை திரும்பிப் பார்த்தான், பிறகு முறுக்கிக்கொண்டு போய்விட்டான்.

பார்த்தவர்கள் மூன்று பேர்: நான், முன்னால் இருந்த தேநீர்க் கடைத் தம்பி, வீதியோரம் த்ரீவீலை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்த ஒரு சிங்கள அண்ணா. கடைத் தம்பி உடனே காதில் இருந்த பென்சிலை எடுத்துச் சுவரில் நாலு எண்களை எழுதினான். நான் சொன்ன எண்களும் அதுவே. த்ரீவீல் அண்ணாவுக்குக் கடைசி இரண்டு எண்கள் இடம் மாறியிருந்தன. சரி, அது பரவாயில்லை. எழுத்துகளில்தான் கதையே பிசகியது. நான் "பி, சி, டி" என்றேன். தம்பி "பி, டி, சி" என்றான். அண்ணா "பி, ஜி, டி" என்றார். மூன்று பேரும் அடித்துச் சொன்னோம். யாருமே பொய் சொல்லவில்லை.

மூன்று பேரும் கவனமாகப் பார்த்தும் எழுத்து மட்டும் ஏன் மாறிப்போகிறது?

இதற்கான விடை அறுபது வருடத்துக்கு முன்னாலேயே கிடைத்துவிட்டது என்று அறிந்தபோது எனக்குக் கோபம்கூட வந்தது. இங்கிலாந்தில் கேம்பிரிஜில் இருந்த கொன்ராட் என்ற உளவியலாளர் 1964இல் ஒரு ஆய்வை வெளியிட்டார். ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாகத் திரையில் காட்டி, பார்த்த வரிசையிலேயே எழுதச் சொன்னார். காதால் கேட்பதற்கு அங்கே எதுவுமே இல்லை, கண்ணால் பார்ப்பது மட்டும்தான். ஆனால் ஆட்கள் விட்ட பிழைகள் காதால் கேட்டு விடுகிற பிழைகள் மாதிரியே இருந்தன. வடிவத்தில் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத எழுத்துகளை, ஒரே மாதிரி ஒலிக்கின்றன என்பதற்காக மாற்றி எழுதினார்கள். அதாவது கண் பார்த்ததை மூளை உடனே வாய்க்குள் ஒரு சொல்லாக்கி, அந்தச் சத்தத்தைத்தான் சில விநாடிகளுக்குப் பிடித்து வைத்திருக்கிறது. பி, சி, டி, ஜி, ரீ, வி எல்லாம் 'ஈ' என்று முடிகிற சத்தங்கள். அவை ஒன்றோடொன்று கலந்துபோகின்றன.

இப்போது நம்முடைய தகடுகளைப் பாருங்கள். மோட்டார் சைக்கிளுக்கு மூன்றெழுத்து வரிசை வந்தபோது முதல் எழுத்தாகக் கொடுத்தது பஸ் என்பதில் வருகிற பி. காருக்குக் கொடுத்தது சி. வானுக்கு ஏற்கெனவே இருந்தது பேப்பர் என்பதில் வருகிற பி. குழம்புவதற்கென்றே பொறுக்கி எடுத்தாலும் இதைவிடப் பொருத்தமாக எடுக்க முடியாது.

தமிழில் சொல்லும்போது இது இன்னும் மோசமாகிறதா?

ஆமாம், இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பஸ் பியும் பேப்பர் பியும் நமக்கு ஒரே 'பி'. எழுத்திலேயே வேறுபாடு கிடையாது. டொலரில் வருகிறதை டி என்றும், ரீவியில் வருகிறதை ரீ என்றும் நாங்கள் பிரித்து எழுதுகிறோம், இந்தியத் தமிழர் இரண்டையும் டி என்றே எழுதுவார்கள். என் வாக்குமூலத்தை எடுத்த சார்ஜன்ட் சிங்களத்தில் எழுதினார். சிங்களத்தில் இரண்டு பிக்கும் இரண்டு வேறு எழுத்துகள். நான் சொன்னதைக் கேட்டு அவர் பேனாவை நிறுத்தி, எந்த பி என்று கேட்டார். மோட்டார் சைக்கிள் என்பதால் அது தெளிவாகிவிட்டது. நடு எழுத்துக்கு அப்படி எந்தத் துணையும் இல்லை. நான் சொன்ன சத்தம், அவர் கேட்ட சத்தம், அவர் எழுதிய எழுத்து, அதைப் பிறகு ஆங்கிலத்தில் கணினியில் தட்டிய இன்னொருவர் என்று ஒரு நம்பர் நாலு கை மாறுகிறது.

ஒரு சின்ன உபாயம்: எழுத்தைச் சொல்லும்போது கூடவே ஒரு சொல்லையும் சொல்லுங்கள். "பஸ் பி", "கார் சி", "டொலர் டி" என்ற மாதிரி. எந்த மொழிக்காரருக்கும் விளங்கும்.

நம்பரைப் பார்க்க உண்மையில் எவ்வளவு நேரம் கிடைக்கிறது?

பிரித்தானியாவில் சாரதிப் பரீட்சைக்குப் போகிறவர் 20 மீற்றர் தூரத்தில் நிற்கும் வண்டியின் நம்பரை வாசித்துக் காட்ட வேண்டும். அதாவது சராசரிக் கண்ணுக்கு அந்தத் தூரம்வரை நம்பி வாசிக்கலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 50 கிலோமீற்றரில் போகும் வண்டி ஒரு விநாடியில் கிட்டத்தட்ட 14 மீற்றர் போய்விடும். உங்களைத் தாண்டிய வண்டியின் பின்தகடு வாசிக்கக்கூடிய தூரத்தில் இருப்பது ஒன்றரை விநாடிக்கும் குறைவு. அந்த ஒன்றரை விநாடியில் உங்கள் கண் விழுந்த மனிதரைப் பார்க்குமா, தகட்டைப் பார்க்குமா? நான் முதலில் பார்த்தது மாமாவின் குடையை.

மனம் ஒரே நேரத்தில் எத்தனை துண்டுகளைப் பிடித்து வைக்கும் என்பதற்கு அமெரிக்கரான ஜோர்ஜ் மில்லர் 1956இல் ஏழு, இரண்டு கூடலாம் குறையலாம் என்று எழுதினார். பிற்பாடு 2001இல் நெல்சன் கோவன் அதைச் சுமார் நாலுக்கு இறக்கினார். நம்முடைய தகட்டில் மூன்று எழுத்து, நாலு எண், மொத்தம் ஏழு. மில்லரின் கணக்கில் அது விளிம்பில் நிற்கிறது. கோவனின் கணக்கில், துண்டுகளாகச் சேர்த்துக் கட்டாவிட்டால் கொட்டிப்போகும்.

அப்படியென்றால் எதை மட்டும் நினைவில் வைக்க வேண்டும்?

நாலு எண்களை. இதைத்தான் எல்லோருக்கும் முதலில் சொல்கிறேன்.

காரணம் கணக்கில் இருக்கிறது. ஓர் எழுத்து வரிசைக்குள் 0001 முதல் 9999 வரை வண்டிகள் இருக்கின்றன. எழுத்துகளை மட்டும் சரியாகச் சொன்னால் பொலிஸ் கையில் கிட்டத்தட்ட பத்தாயிரம் வண்டிகள். எண்களை மட்டும் சரியாகச் சொன்னால் ஒவ்வொரு வரிசையிலும் ஒரேயொரு வண்டி. நாட்டில் இருக்கும் மோட்டார் சைக்கிள்கள் 40 இலட்சத்துக்கும் மேல், ஆகவே ஒரு நாலெண் சில நூறு பைக்குகளுக்குப் பொதுவாக இருக்கும். அதில் நிறம், ரகம், பழசா புதுசா என்று வடிகட்டினால் கைவிரலுக்குள் வந்துவிடும். பஸ் என்றால் நிலைமை இன்னும் நல்லது. பஸ்கள் எண்ணிக்கையில் குறைவு, முன்கண்ணாடியில் 102, 155, 176 என்று பாதை இலக்கமும் இருக்கும். பாதை இலக்கமும் கடைசி நாலெண்ணும் போதும்.

எண்களுக்கு அப்புறம் மனதில் இடமிருந்தால் மூன்றாவது எழுத்தைப் பிடியுங்கள். முதல் எழுத்து வண்டியின் வகையைச் சொல்கிறது, அதை நீங்கள் கண்ணாலேயே பார்த்துவிட்டீர்கள். நடு எழுத்து மெதுவாக நகர்வது, வண்டியின் வயதை வைத்து அதைக் கிட்டத்தட்ட ஊகிக்கலாம். மூன்றாவது எழுத்துத்தான் வேறெதிலிருந்தும் தெரியவராதது.

கொழும்பில் இதை நாம் தெரியாமலே செய்துகொண்டிருக்கிறோம். பிக்மீயிலோ ஊபரிலோ வண்டி கூப்பிட்டுவிட்டு வெள்ளவத்தை காலி வீதியில் நிற்கிறவர்களைக் கவனியுங்கள். போனைப் பார்த்து நாலு எண்களை முணுமுணுத்துவிட்டு வரும் வண்டிகளின் தகட்டில் அதை மட்டும்தான் தேடுவார்கள். எழுத்தை யாரும் பார்ப்பதில்லை.

மாகாணக் குறியீட்டை எடுத்தது நல்லதா கெட்டதா?

நல்லது. 2000ஆம் ஆண்டு வந்த முறையில் மேல் மாகாணம், வட மாகாணம் என்று ஒவ்வொன்றுக்கும் இரண்டு சின்ன எழுத்துகள் தகட்டில் இருந்தன. கீழே இருந்த எழுத்தும் எண்ணும் நாடு முழுவதற்கும் தனித்துவமானவை என்பதால் வண்டியைக் கண்டுபிடிக்க மாகாணக் குறியீடு ஒருபோதும் தேவைப்படவில்லை. பிற்பாடு அது கைவிடப்பட்டது. சாட்சிக்கு இரண்டு எழுத்துச் சுமை குறைந்தது. குறைந்த இடத்தில் எண்களைக் கொஞ்சம் பெரிதாக்கியிருக்கலாம், அது என் ஆதங்கம்.

மற்ற நாடுகள் சாட்சியை நினைத்துத் தகடு செய்திருக்கின்றனவா?

செய்திருக்கின்றன, ஆனால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விஷயத்துக்குப் பயந்து செய்ததுபோல் தெரிகிறது.

பிரித்தானியா 2001 செப்டெம்பரில் கொண்டுவந்த முறையில் முதல் இரண்டு எழுத்து பதிவான இடத்தையும், அடுத்த இரண்டு எண் பதிவான காலத்தையும் காட்டும். கடைசி மூன்று எழுத்துக்கு அர்த்தம் கிடையாது. அந்த முதல் இரண்டு எழுத்துக்கு அவர்கள் வைத்த பெயரே 'இட நினைவுக் குறி'. ஓடிப்போகும் வண்டியின் தகட்டில் ஆட்கள் முதலில் பிடிப்பது முன்னால் இருப்பதைத்தான், அதனால் அங்கே பொருள் உள்ளதை வைப்போம் என்பது அவர்கள் யோசனை. பொருள் இருந்தால் இரண்டு எழுத்து ஒரே துண்டாகிவிடும்.

ஜெர்மனி வேறு பக்கத்திலிருந்து வந்தது. எழுபதுகளில் அங்கே பயங்கரவாதக் குழுக்கள் தகடுகளில் கறுப்பு டேப்பும் வர்ணமும் வைத்து 3ஐ 8 ஆக்கி ஓடின. அதற்காகக் கார்ல்கியோர்க் ஹோஃபர் என்ற எழுத்துரு வடிவமைப்பாளர், ஒன்றை இன்னொன்றாகத் திருத்த முடியாதபடி ஒவ்வோர் எழுத்துக்கும் தனி முகம் கொடுத்தார். தொண்ணூறுகளில் அது நடைமுறைக்கு வந்தது. பார்வைக்கு அவ்வளவு அழகில்லை என்று சொல்வார்கள், ஆனால் தூரத்தில் இருந்து ஒன்றை மற்றதாக எடுத்துக்கொள்ள மாட்டீர்கள்.

ஜப்பானில் நாலு எண்ணையும் நடுவில் ஒரு கோடு போட்டு இரண்டிரண்டாகப் பிரிக்கிறார்கள். நாம் போன் நம்பரைத் துண்டு துண்டாகச் சொல்கிறோமே, அதே வேலை. இங்கே செலவே இல்லாமல் செய்யக்கூடிய திருத்தம் இது. 7382 என்பதை ஏழு, மூன்று, எட்டு, இரண்டு என்று நாலாகப் பிடிப்பதைவிட எழுபத்துமூன்று, எண்பத்திரண்டு என்று இரண்டாகப் பிடிப்பது இலேசு.

எனக்கு ரொம்பப் பிடித்தது சிங்கப்பூர். அங்கே தகட்டின் கடைசி எழுத்து ஒரு சரிபார்ப்பு எழுத்து. முன்னால் இருக்கும் எழுத்துகளையும் எண்களையும் குறிப்பிட்ட எண்களால் பெருக்கிக் கூட்டி 19ஆல் வகுத்து, மீதிக்கு ஏற்ற எழுத்தைப் போடுகிறார்கள். ஓர் எண்ணைப் பிழையாகச் சொன்னாலோ, இரண்டு எண்களை இடம் மாற்றிச் சொன்னாலோ கடைசி எழுத்து பொருந்தாது. அதைவிட முக்கியம், ஓர் எண்ணை அடியோடு மறந்துவிட்டாலும் மற்றதெல்லாம் சரியாக இருந்தால் அந்த எண்ணைக் கணக்குப் போட்டே எடுத்துவிடலாம். நான் தாளும் பென்சிலும் வைத்துப் போட்டுப் பார்த்தேன், வருகிறது. த்ரீவீல் அண்ணா மாற்றிச் சொன்ன கடைசி இரண்டு எண்களை இப்படி ஓர் எழுத்து வாக்குமூலம் எடுத்த மேசையிலேயே பிடித்துக் கொடுத்திருக்கும்.

அப்படியானால் நீங்கள் கேட்கும் தகடு எப்படி இருக்கும்?

மூன்று எழுத்து, நாலு எண், இப்போதிருக்கும் அதே அளவு, அதே இயந்திரம். நான் கேட்கும் முக்கியமான மாற்றம் இது: நடு எழுத்து எப்போதும் உயிரெழுத்தாக இருக்கட்டும்.

தமிழ் படித்தவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மெய், உயிர், மெய். கல், மண், நெல், வில், பல் எல்லாம் அந்த அச்சில் வார்த்தவை. சிங்களத்தில் பூவுக்குச் சொல்லும் 'மல்' அதே அச்சுத்தான். ஆங்கில எழுத்தில் எழுதினாலும் வாயில் ஒரே அசையாக விழும். பி, சி, டி என்று மூன்று சத்தத்தைப் பிடிப்பதற்குப் பதில் 'நெல்' என்று ஒரே சத்தம். 'நெல், எழுபத்துமூன்று, எண்பத்திரண்டு' என்று மொத்தம் மூன்றே துண்டு. கோவனின் நாலுக்குள் அடங்கிவிட்டது.

எல்லா மெய்யும் வேண்டாம். ஒன்றோடொன்று குழம்பும் சோடிகளில் ஒன்றை மட்டும் எடுக்கலாம்: பஸ் பியா பேப்பர் பியா என்ற கேள்வியே வராதபடி ஒன்று, க மாதிரிச் சத்தத்துக்கு ஒன்று, ட மாதிரிச் சத்தத்துக்கு ஒன்று. இப்படிப் பத்து மெய் தேறும். பத்து மெய், ஐந்து உயிர், மறுபடி பத்து மெய் என்றால் 500 அசைகள். ஒவ்வொன்றிலும் பத்தாயிரம் வண்டி என்றால் 50 இலட்சம் நம்பர். நாட்டில் இதுவரை பதிவானவை 80 இலட்சத்துக்கும் மேல், ஆனால் பழைய தகடுகளை யாரும் கழற்றப்போவதில்லை. புதிதாக வருகிறவற்றுக்கு 50 இலட்சம் பல வருடத்துக்குக் காணும். தீரும் காலத்தில் மெய்களைக் கூட்டிக்கொள்ளலாம், 16 மெய் எடுத்தால் 1,280 அசை, ஒரு கோடியைத் தாண்டிவிடும்.

வண்டியின் வகையைச் சொல்லும் முதல் எழுத்து போய்விடுமே என்று ஒரு நண்பர் கேட்டார். பஸ்ஸையும் பைக்கையும் பிரித்தறிய யாருக்கும் ஓர் எழுத்துத் தேவையில்லை. கந்தோரில் இருப்பவருக்குத்தான் அது வசதி, கணினிப் பதிவில் வகை எப்படியும் இருக்கிறது.

கூடாத சொற்கள் வந்துவிடுமே?

வரும். ஸ்பெயின் 2000இல் புது முறை கொண்டுவந்தபோது இந்தப் பயத்தால் உயிரெழுத்துகளையே தகட்டிலிருந்து எடுத்துவிட்டது. சொல்லே உருவாகாது, ஆனால் வாயில் பிடிக்கவும் எதுவும் இல்லாமல் போனது. சுவீடன் எழுத்துகளை வைத்துக்கொண்டு கூடாத சேர்க்கைகளை மட்டும் விலக்கிவிட்டது. நமக்குச் சுவீடனின் வழிதான் சரி. 500 அசைகளை மூன்று மொழிக்காரர்கள், ஒவ்வொரு மொழிக்கும் ஒரு வயதானவரும் ஓர் இளம் பிள்ளையுமாக, ஒரு மத்தியானம் உட்கார்ந்து வாசித்தால் வேலை முடிந்தது. இளம் பிள்ளை கட்டாயம் வேண்டும், புதுக் கெட்ட வார்த்தைகள் அவர்களுக்குத்தான் தெரியும்.

எழுத்துக்குப் பதில் படம் போட்டால் என்ன? யானை, மயில் என்று?

படம் நன்றாக நினைவில் நிற்கும், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் இந்த நாட்டில் யானை ஒரு கட்சி, மொட்டு ஒரு கட்சி, திசைகாட்டி ஒரு கட்சி, வீடு ஒரு கட்சி, டெலிபோனும் ஒரு கட்சி. தேர்தல் காலத்தில் யானைத் தகடு போட்ட வண்டியை எங்கே நிறுத்துவது? வேண்டாம்.

ஏன் தமிழிலும் சிங்களத்திலும் எழுதக்கூடாது?

இந்தக் கேள்வியை இளையவர்கள் கேட்கிறார்கள், வயதானவர்கள் கேட்பதில்லை. 1956இல் தனிச் சிங்களச் சட்டம் வந்த பிறகு, 1957இல் வண்டிகளுக்குச் சிங்கள 'ஸ்ரீ' எழுத்துடன் புதுத் தகடு வந்தது. தமிழரசுக் கட்சி அதை எதிர்த்துப் போராட்டம் நடத்தியது. 1958இல் அரசுடைமையாக்கப்பட்ட பஸ்கள் ஸ்ரீ தகட்டுடன் வடக்குக்கு வந்தபோது அந்த எழுத்தை அழித்துத் தமிழ் ஸ்ரீ எழுதினார்கள். தெற்கில் பதிலுக்குத் தமிழ்ப் பெயர்ப்பலகைகளில் தார் பூசினார்கள். ஏப்ரலில், பிரதமர் பண்டாரநாயக்கவும் தமிழரசுக் கட்சித் தலைவர் செல்வநாயகமும் செய்த பண்டா-செல்வா ஒப்பந்தம் கிழிந்தது, மே மாதம் கலவரம். மாமா பிறக்கும் முன்னால் நடந்தது, ஆனால் அவருடைய அப்பா அந்த மாதம் கொழும்பை விட்டுக் கப்பலில் போனவர். என் மொழியைத் தகட்டில் பார்க்க எனக்கும் ஆசைதான். ஆனால் விபத்தைப் பார்க்கிறவர் எந்த மொழிக்காரராகவும் இருக்கலாம், அதனால் எல்லோருக்கும் தெரிந்த ஆங்கில எழுத்தும் எல்லோர் வாயிலும் நுழைகிற அசையும் போதும் என்று நினைக்கிறேன்.

ஊரெல்லாம் சி.சி.ரி.வி கெமரா இருக்கும்போது சாட்சியின் நினைவு எதற்கு?

2024 முதல் கொழும்பில் போக்குவரத்துக் குற்றங்களைக் கெமரா வைத்தே பிடிக்கிறார்கள், நல்ல காரியம். ஆனால் அவை பெரிய சந்திகளில் இருக்கின்றன. ஜம்பட்டா வீதியில் எங்களுக்குக் கிடைத்தது ஒரு கடையின் கெமரா. ஈரமான கண்ணாடியில் முன்விளக்கு வெளிச்சம் பட்டு, தகடு இருந்த இடத்தில் ஒரு வெள்ளைப் பொட்டு மட்டும் தெரிந்தது. ஹெல்மெட்டின் நிறம்கூடத் தெரியவில்லை. கெமராவும் சாட்சியும் சேர்ந்தால்தான் பலன். சாட்சி நேரத்தையும் பாதி நம்பரையும் கொடுத்தால், அடுத்த சந்திகளின் பதிவுகளில் எங்கே தேடுவது என்று தெரியும். கடைக் கெமராக்களின் பழைய பதிவுகள் சில நாட்களில் தானாகவே அழிந்துவிடும், ஆகவே அன்றைக்கே போய்க் கேளுங்கள்.

எளிதாக நினைவில் நிற்கும் நம்பரால் பெண்களுக்கு ஆபத்தில்லையா?

என் தங்கை கேட்ட கேள்வி இது. அவள் ஸ்கூட்டியில் வேலைக்குப் போகிறவள். சாட்சிக்கு நினைவில் நிற்பது பின்தொடர்கிறவனுக்கும் நிற்கும் என்றாள், அது உண்மை. ஆனால் பின்தொடர்கிறவனுக்கு ஒன்றரை விநாடி இல்லை, அவன் பத்து நிமிடம் பின்னால் வந்து படமும் எடுப்பான். கடினமான நம்பர் அவனைத் தடுக்காது. அவனைத் தடுக்க வேண்டிய இடம் நம்பரிலிருந்து பெயரும் விலாசமும் கிடைக்கிற வாசல். அந்த வாசலை யார் திறந்தார், எதற்குத் திறந்தார் என்ற பதிவு இருக்க வேண்டும். அவள் இதைப் பாதிதான் ஒத்துக்கொண்டாள்.

பிழையான நம்பர் சொன்னால் என்ன கெட்டுவிடும்? ஒன்றும் சொல்லாமல் விடுவதைவிட மேல்தானே?

இதை எழுதுவது எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. முறைப்பாட்டில் முதலில் பதிவானது நான் சொன்ன நம்பர். அந்த நம்பரில் உண்மையாகவே ஒரு மோட்டார் சைக்கிள் இருந்தது, அதன் சொந்தக்காரர் சிலாபப் பக்கம். அவரைக் கூப்பிட்டார்கள். ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு பஸ் ஏறி வந்தார், அடுத்த கிழமை மறுபடியும் வந்தார். அவருடைய வண்டி வேறு நிறம். வெளியே மரத்தடியில் என்னிடம் வந்து, "அண்ணா, நான் அன்றைக்குக் கொழும்பிலேயே இல்லை" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அவருக்கு நான் பஸ் காசு கொடுக்கப் போனேன், வாங்கவில்லை.

ஆகவே தெரிந்ததைத் தெரிந்தது என்றும் சந்தேகமானதைச் சந்தேகம் என்றும் பிரித்துச் சொல்லுங்கள். "நாலு எண்ணும் நிச்சயம், கடைசி எழுத்து டி என்று நினைக்கிறேன், நடு எழுத்து தெரியாது" என்பது முழுமையான சாட்சியம். முழு நம்பரைக் கொடுத்தால்தான் மதிப்பார்கள் என்ற எண்ணத்தில் இடைவெளியை நிரப்பிவிடாதீர்கள். நான் அதைத்தான் செய்தேன்.

விபத்தைப் பார்த்தால் அந்த நிமிடம் என்ன செய்ய வேண்டும்?

முதலில் 1990, சுவசெரிய அம்புலன்ஸ். காயப்பட்டவருக்குப் பிறகுதான் மற்றதெல்லாம்.

ஆனால் அழைக்கும்போதே நாலு எண்ணைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருங்கள், பக்கத்தில் நிற்பவரிடம் எழுதச் சொல்லுங்கள், கையிலோ பில்லின் பின்பக்கத்திலோ, எங்கே என்றாலும் பரவாயில்லை. போனில் குரல் பதிவு இன்னும் விரைவானது. அழைப்பு முடியும்வரை மனதில் வைத்திருக்கலாம் என்று நம்பாதீர்கள், அந்த நேரத்தில் உங்களிடம் வேறு எண்களைக் கேட்பார்கள், வீட்டு நம்பர், உங்கள் நம்பர், அவ்வளவுதான், பழையது கரைந்துபோகும். அடுத்து 119, பொலிஸ்.

இன்னொன்று, மற்றச் சாட்சிகளோடு பேசி ஒரு முடிவுக்கு வராதீர்கள். நாங்கள் மூன்று பேரும் தேநீர்க் கடை வாசலில் நின்று கால் மணித்தியாலம் விவாதித்தோம். கடைசியில் என் குரல்தான் உரத்து நின்றது, மற்ற இரண்டு பேரும் தங்களுக்கே சந்தேகம் வந்து என் நம்பருக்குத் தலையாட்டிவிட்டார்கள். தனித்தனியாக எழுதி மூன்றையும் கொடுத்திருந்தால் பொலிசார் மூன்றையுமே தேடியிருப்பார்கள்.

இதை யாரிடம் கேட்பது?

தகடு மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் பொறுப்பு, நாரஹேன்பிட்டவில் இருக்கிறது. நான் மூன்று மொழியிலும் ஒரு பக்கக் கடிதம் எழுதி அனுப்பியிருக்கிறேன். கேட்டது மூன்று: நாலு எண்ணுக்கு நடுவில் ஓர் இடைவெளி, நடு எழுத்துக்கு உயிர், குழம்பும் மெய்களுக்கு விடுதலை. சரிபார்ப்பு எழுத்தையும் கேட்க நினைத்தேன், பிறகு ஒரே தடவையில் அதிகம் வேண்டாம் என்று விட்டுவிட்டேன். உங்களுக்கும் சரி என்று பட்டால் நீங்களும் எழுதுங்கள், என் கடிதத்தைப் பார்த்து எழுத வேண்டாம், நீங்கள் கண்டதை எழுதுங்கள்.

அந்த மோட்டார் சைக்கிள் கிடைத்ததா?

இல்லை. தம்பி சொன்ன எழுத்துகளையும் அண்ணா சொன்ன எழுத்துகளையும் தேடச் சொல்லி நான் மறுபடி போய்ச் சொல்வதற்குள் ஐந்து கிழமை போய்விட்டது. மாமா இப்போது ஊன்றுகோலோடு நடக்கிறார், அதே மஞ்சள் கோட்டில்தான் கடக்கிறார். தேநீர்க் கடையில் கல்லாவுக்குப் பக்கத்துச் சுவரில் அன்றைக்கு எழுதிய நாலு எண்கள் இன்னும் இருக்கின்றன. போன மாதம் கடைக்கு வர்ணம் பூசினார்கள், அந்த ஒரு சாண் இடத்தை மட்டும் தம்பி பூச விடவில்லை.